கலியாண வீட்டில் இஞ்சியின் வயிறு

எனக்கும் ரிஸ்மிக்கும் இடையில் நடந்த முதல் நீண்ட பேச்சு ஒரு பூனைக்குட்டியின் வயிற்றுப்போக்கைப் பற்றியது. இதைச் சொன்னால் என் தோழிகள் இன்னும் நம்புவதில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். தெருவிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கிவந்து, அது வயிறு கழிந்து துவண்டு கிடப்பதைப் பார்த்துக் கை பிசைந்து நிற்பவர் யாராவது இருந்தால், அவருக்கும் இது உதவட்டும்.

எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டையில். வாப்பா மவுத்தான பிறகு வீட்டுப் பொறுப்பெல்லாம் என் அண்ணன், நானாவின் தலையில்தான். நான் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். எனக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை ரிஸ்மி, கெலிஓயாவில் தன் வாப்பாவின் ஹாட்வெயார் கடையைப் பார்த்துக்கொள்பவர். பெண் பார்க்க வந்த அன்று அவர் வாயிலிருந்து வந்தது ஸலாமும், தேத்தண்ணீர் போதும் என்ற ஒரு சொல்லும்தான். நிச்சயமான பிறகு ஃபோனில் பேசலாம் என்று நானா அனுமதி தந்தார். பேச்சு என்றால் நான் ஏதாவது சொல்வேன், அவர் "ம்" என்பார். பிறகு இரண்டு பேரும் ரோட்டில் போகிற பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

"உம்மா, இந்த மனிசன் காலம் பூரா இப்பிடியே ஈப்பாரா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பேசாத ஆம்புள கெடச்சதுக்கு அல்ஹம்துலில்லாஹ் செல்லு மகள்" என்றார் உம்மா.

கலியாணத்துக்குத் துணி எடுக்க நானும் உம்மாவும் கண்டி டவுனுக்குப் போன அன்றுதான் இஞ்சி கிடைத்தான். நல்ல மழை. துணிக்கடைகளுக்குப் பின்னாலுள்ள ஒடுங்கிய சந்தில் சாக்கடைக் காணுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. காண் மூடியின் ஓரத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. முதலில் ஈரத் துணித்துண்டு என்று நினைத்தேன். அது வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. அவ்வளவுதான். சட்டைத் துணி இருந்த பையை உம்மாவிடம் கொடுத்துவிட்டு மண்டியிட்டேன். ஒரு கையில் அடங்கிவிட்டான். தோலும் எலும்பும், உப்பிய வயிறும், அந்த வயிற்றுக்குப் பொருத்தமே இல்லாத பெரிய காதுகளும்.

"கலியாண வீட்டுல இது வேறயா?" என்றார் உம்மா. ஆனால் தன் ஷோலின் நுனியால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டதும் உம்மாதான்.

வீட்டுக்கு வந்ததும் பால்மாவைக் கரைத்து வெதுவெதுப்பாக வைத்தோம். பூனை என்றால் பால்தானே என்றுதான் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் மூக்கு நனைய நனையக் குடித்தான். வீடே சுற்றி நின்று பார்த்தது. நிறத்தைப் பார்த்து இஞ்சி என்று பெயர் வைத்தோம். அன்று பொழுது சாய்வதற்குள் அவன் வயிறு கழியத் தொடங்கியது. கலியாணத்துக்குப் பிறகு ரிஸ்மி வந்து தங்கப்போகும் மாப்பிள்ளை அறைக்கென்று நானா புதிதாக வாங்கிப் போட்டிருந்த மெத்தையின் நடுவில்தான் முதல் முறை. மெத்தையை வெயிலில் போட வெயிலும் இல்லை. நானா வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். "இத மாப்பிள்ளைட ஊட்டாக்களுக்குச் செல்லாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் காலையில் நிலைமை வேறாகிவிட்டது. பெட்டிக்குள் கையை விட்டபோது அவன் உடம்பு குளிர்ந்திருந்தது. தூக்கினால் தலை நிற்கவில்லை. பின்பக்கமெல்லாம் தண்ணீராகக் கழிந்து ஒட்டியிருந்தது. அதில் சளி போல ஏதோ இருந்தது, அந்தச் சளிக்குள் சிவப்பாக ஓர் இழையும் தெரிந்தது. நானா மண்டப வேலையாகக் குருநாகல் பக்கம் போயிருந்தார். கொட்டுகிற மழையில், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் திரீவீல் ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. நான் வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. ரிஸ்மி.

"கலியாணச் சேர்ட்டுக்கு என்ன நிறம் எண்டு கேக்க..." என்று தொடங்கினார்.

"பூனைக்குட்டி சாகப்போகுது!" என்று கத்திவிட்டேன்.

'ம்' என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"எவ்வளவு நேரமா கழியுது?" என்று கேட்டார். "தண்ணியாவா, சளியாவா? நிறம் என்ன? சத்தி, வாந்தி எடுத்தானா? கடைசியா என்ன குடுத்தீங்க?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நிறத்தைச் சொன்னேன், நாற்றத்தைச் சொன்னேன், மெத்தையையும் சொல்லிவிட்டேன். கலியாணம் செய்யப்போகிறவரிடம் எதைச் சொல்லக் கூடாதோ அதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். இடையிடையே அவர் இன்னும் கேட்டார்.

"உங்களுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"ஒண்டும் தெரியாது. டொக்டர் இதெல்லாம் கேப்பாங்க தானே. சுத்தமான யோகட் கப் ஒண்டுல, கழிஞ்சதுல கொஞ்சம் எடுத்து வைங்க. அவன ஒரு துணியில சுத்தி உடம்போட அணைச்சிக்கிங்க. உம்மாவ ரெடியாகச் செல்லுங்க. நான் வாறன்."

கெலிஓயாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் பேராதனையைத் தாண்டி, கண்டி நெரிசலையும் கடந்து வரவேண்டும். பிறகு அதே வழியில் பேராதனைப் பக்கமுள்ள மிருக வைத்தியசாலைக்குத் திரும்ப வேண்டும். அவர் கடை வேனில் வந்தார். பின்னால் பெயின்ட் டின்களும் பீவீசீ குழாய்களும் இறக்கப்படாமலே கிடந்தன. உம்மா முன்னால் ஏறினார். நான் டின்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு கையில் இஞ்சி, இன்னொரு கையில் மூடி போட்ட யோகட் கப். ஒவ்வொரு வளைவிலும் குழாய்கள் உருண்டு என் முதுகில் இடித்தன. ரிஸ்மி கண்ணாடியில் பார்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"மூச்சு வருதா?"

"வருது!"

"இப்ப?"

"வருது, வருது, நீங்க ரோட்டப் பாருங்க!"

உம்மா வாயில் ஷோலை வைத்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, சிரிப்பை அடக்கியிருக்கிறார்.

காத்திருக்கும் இடத்தில் நாய்கள், ஒரு கிளி, ஒரு ஆடு. எனக்குப் பக்கத்துக் கதிரையில் தெல்தோட்டையிலிருந்து வந்த ஓர் அக்கா, கால் கட்டுப் போட்ட நாயோடு உட்கார்ந்திருந்தார். என் மடியை எட்டிப் பார்த்தார்.

"எம்புட்டுச் சின்னதா இருக்கு! பயப்படாதீங்க. நீங்க மொதல்ல போங்க, நாங்க அப்புறம் போறோம். எங்க மணிக்குக் கால்தான், அவன் உக்காந்துக்குவான்."

அந்த அக்கா விட்டுக்கொடுத்த முறைதான் இஞ்சியைக் காப்பாற்றியது என்று நான் இன்றும் நம்புகிறேன்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண், வயது அதிகம் இல்லை. கொஞ்சம் தமிழ், கொஞ்சம் சிங்களம், மிச்சத்துக்கு ஆங்கிலம் என்று பேசினார். இஞ்சியின் கழுத்துத் தோலை இரண்டு விரலால் தூக்கி விட்டார். தூக்கிய தோல் கூடாரம் போல அப்படியே நின்றது, மெதுவாகத்தான் இறங்கியது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளமாம். பல்முரசைத் தொட்டுப் பார்த்தார், ஈறு வெளிறி உலர்ந்திருந்தது. முரசில் குளுக்கோஸ் கரைசல் தடவினார். முதலில் சூடு, பிறகு தண்ணீர், அதற்குப் பிறகுதான் சாப்பாடு என்றார். உடம்பு குளிர்ந்திருக்கும்போது குடல் வேலை செய்யாது. அந்த நேரத்தில் ஊட்டினால் ஊட்டியதே ஆபத்தாகிவிடும்.

"வயித்தால என்ன மாதிரிப் போறது?" என்று டொக்டர் கேட்டார். நான் உம்மாவைப் பார்த்தேன், உம்மா சுவரைப் பார்த்தார். ரிஸ்மி முன்னால் வந்து, ஃபோனில் நான் சொன்னது அத்தனையையும் சிங்களத்தில் ஒன்று விடாமல் சொன்னார். மெத்தையை மட்டும் விட்டுவிட்டார். சளி, இழை, நிறம், நாற்றம் எல்லாம் வந்தன. கடையில் ஆணியின் அளவு சொல்வது போல அவ்வளவு தெளிவாகச் சொன்னார். எனக்கு வெட்கம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. இவருக்குப் பேசத் தெரியும்!

பூனைகளுக்கு ஒரு கொடிய வைரஸ் வருமாம். அது குடலின் உட்சுவரையும், நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களையும் ஒன்றாக அழித்துவிடும். அது வந்த சின்னக் குட்டிகள் பெரும்பாலும் தப்பாது. அதற்கான சோதனை ஒரு சின்ன அட்டைதான். இரண்டு கோடு வந்தால் நோய் இருக்கிறது, ஒன்று வந்தால் இல்லை. அட்டையை மேசையில் வைத்துவிட்டு டொக்டர் சேலைன் ஏற்றத் தொடங்கினார். நரம்பு கிடைக்காத குட்டிகளுக்குத் தோலுக்கடியில் ஏற்றுவார்களாம். இஞ்சியின் முதுகில் ஒட்டகத் திமில் போல ஒன்று எழும்பியது. நானும் ரிஸ்மியும் திமிலைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கோடு வந்தது. காத்திருந்தோம். இரண்டாவது வரவில்லை.

"நெகட்டிவ்" என்றார் டொக்டர். உம்மா அங்கேயே கைகளை ஏந்தி துஆ கேட்டார்.

பிறகு யோகட் கப் மைக்ரோஸ்கோப்புக்குப் போனது. டொக்டர் எங்களைக் கூப்பிட்டார். "வாங்க, நீங்களும் பாருங்க."

முதலில் நான் பார்த்தேன். மஞ்சள் வெளிச்சத்தில் தடித்த ஓடு போட்ட வட்டங்கள், அவற்றுக்கு நடுவில் மெல்லிய முட்டை வடிவங்கள். வட்டம் உருளைப் புழுவின் முட்டை. மற்றது கொக்சிடியா என்ற ஒட்டுண்ணி, கண்ணுக்குத் தெரியாத உயிர், குடல் சுவருக்குள் புகுந்து பெருகி அதைப் புண்ணாக்கும். அந்த இரத்த இழை அதனால்தான். பால்மா அதற்கு மேல் இன்னும் கலக்கிவிட்டிருக்கிறது, பூனையின் வயிற்றுக்கு மாட்டுப் பால் செரிக்காது. நான் விலகியதும் ரிஸ்மி குனிந்தார்.

"ஷிஃபா, இந்த மூலையில இன்னொண்டு ஈக்கு, பாத்தீங்களா?"

என் பெயரை அவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

புழுவுக்கு ஒரு மருந்து, ஒட்டுண்ணிக்கு இன்னொன்று, குட்டிகளுக்கென்று விற்கும் தனிப் பால்மா, ஊசி இல்லாத சிரிஞ்ச் என்று வாங்கிக்கொண்டு வந்தோம். சேலைன் ஏற்ற மறுநாளும் வரவேண்டும். நானா செலவைக் கேட்டுக்கொண்டார். கலியாணக் காருக்குப் பூ வேண்டாம் என்று யாரிடமோ ஃபோனில் அவர் சொல்வது கேட்டது.

அதன் பிறகு எங்கள் வீடு ஒரு வார்டாக மாறியது. சுடுதண்ணீர் போத்தலைத் துவாயில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பது உம்மாவின் வேலை. ஊட்டுவது என் வேலை. குட்டியை மல்லாத்தக் கூடாது, வயிற்றில் படுத்தபடிதான் ஊட்ட வேண்டும், இல்லாவிட்டால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். சொட்டுச் சொட்டாக வாயின் ஓரத்தில் விட வேண்டும். பெட்டியை மாப்பிள்ளை அறையில் வைக்க வேண்டாம் என்று நானா சொன்னார். அங்கேதான் காற்று அடிக்காது என்று உம்மா சொல்லி அங்கேயே வைத்தார். துணிகளைத் தனியாக வெந்நீரில் போட்டோம், எல்லோரும் கையைக் கழுவிக் கழுவியே தோல் உரிந்தது.

ஃபோன்! அதை எப்படிச் சொல்வேன்! நான் சிரிஞ்சைக் கீழே வைக்கும் முன்பே அடிக்கும்.

"எவ்வளவு குடிச்சான்?"

"பாதி!"

"பாதியா! நேத்தய விட கூட தானே?"

"கூட, கூட!"

நானா தலையில் அடித்துக்கொண்டார். "மாப்பிள்ளையும் பொண்ணும் பேசுற பேச்சா இது? காலையில எழும்பினா பீ, படுக்கப் போனா பீ!"

பிறகு எல்லாம் தலைகீழானது. புழு மருந்து வேலை செய்து, இஞ்சி சத்தி எடுத்தான். அதில் வெள்ளை வெள்ளையாக, நூடில்ஸ் போல, சுருண்ட புழுக்கள். ஒன்று உயிரோடு நெளிந்தது. அதோடு அவன் சாப்பாட்டை விட்டுவிட்டான். சிரிஞ்சைக் கண்டாலே முகத்தைத் திருப்பினான். வயிறு கல்லாக இருந்தது. திரும்பவும் வேன், திரும்பவும் பெயின்ட் டின்கள், அதே வாசல்.

டொக்டர் வயிற்றை மெதுவாகத் தடவிப் பார்த்தார். முகம் மாறியது. இப்படிப் புழுவும் புண்ணும் உள்ள குட்டிகளில் சில சமயம் குடலின் ஒரு பகுதி பக்கத்துப் பகுதிக்குள் சொருகிக்கொள்ளுமாம், சட்டைக் கையை உள்ளே மடித்துவிட்டது போல. அப்படி நடந்தால் வயிற்றைத் திறக்க வேண்டும். இந்தச் சின்ன உடம்பு அதைத் தாங்குமா என்று என்னால் சொல்ல முடியாது என்றார். ஸ்கேன் செய்ய உள்ளே கொண்டுபோனார். கதவு மூடியது.

நானும் ரிஸ்மியும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். உம்மா தஸ்பீஹ் மணிகளை உருட்டினார்.

"இவ்வளவு சின்ன உசுருக்கு இவ்வளவு பயப்படுறது பைத்தியம் மாதிரி ஈக்கு" என்றேன்.

"எனக்குப் பூனைண்டா பயம்" என்றார் அவர் திடீரென்று. "சின்ன வயசுல கடிச்சீக்கு. இன்னும் நான் இவனத் தொட்டதில்ல. கவனிச்சீங்களா?"

நான் கவனிக்கவேயில்லை. இத்தனை தடவை வந்தும் பெட்டியை எடுப்பது நான்தான், தூக்குவது நான்தான்.

"அப்ப ஏன் வந்தீங்க?"

"நீங்க கத்தினீங்க" என்றார்.

கதவு திறந்தது. குடல் சொருகவில்லை! வீங்கி, புண்ணாகி, களைத்துப்போய் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இன்று விட்டுப்போக வேண்டும், முன்காலில் நரம்பு பிடித்துவிட்டோம், துளித்துளியாக மருந்து ஏற்ற வேண்டும் என்றார். உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். வெறும் பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

வீட்டில் சொந்தக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். யாரோ வளையல் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். நான் தலையாட்டினேன், எதைப் பார்த்தேன் என்று தெரியாது. அடுத்த நாள் பகல் சாப்பாட்டு வேளையில் வீடியோ கோல் வந்தது. ரிஸ்மியின் முகம் தெரியவில்லை, ஒரு கம்பிக் கூடு தெரிந்தது. ஃபோன் ஆடியது. கூட்டுக்குள் பெரிய காது ஒன்று. அது திரும்பியது. பிறகு கதவில் ஆணி கிறீச்சிடுவது போல ஒரு சத்தம்.

"கத்துறான்! ஷிஃபா, கத்துறான்! கேக்குதா?" என்று அவர் கூவினார். அந்த மனிதருக்குள் இவ்வளவு பெரிய குரல் இருந்திருக்கிறது! "பிளேட்ட நக்கிட்டான்! நர்ஸ் இன்னொரு கரண்டி போடுறாங்க! இருங்க, இருங்க, பாருங்க!"

திரையின் ஓரத்திலிருந்து ஒரு விரல் மெல்லக் கம்பிக்குள் நீண்டது. இதுவரை அவனைத் தொடாத விரல். இஞ்சி அதை முகர்ந்து, கன்னத்தை அதில் தேய்த்தான். கூடம் நிறைய நின்ற பெண்களுக்கு நடுவில் நான் குதித்தேன். மணப்பெண் குதிக்கக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். உம்மா, "குதிக்கட்டும் உடுங்க" என்றார்.

இஞ்சி வீட்டுக்கு வந்தான். பேராவலோடு சாப்பிட்டான். அவித்த கோழி இறைச்சியை உப்பில்லாமல் மசித்து உம்மா கொடுத்தார். கலியாணக் கறிக்கு வந்த கோழியில் முதல் துண்டு அவனுக்குத்தான். வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. ஆனால் அதன் பிறகு ஒன்றுமே வரவில்லை. நின்றது நல்லதுக்கா, அடைத்துக்கொண்டதா? கெட்டியாக ஒன்று வந்தால்தான் குடல் தேறிவிட்டது என்று நம்பலாம், வராவிட்டால் கொண்டுவாருங்கள் என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். காத்திருந்தோம். வீடு நிறைய ஆட்கள், எல்லோருக்கும் கதை தெரியும். வருகிறவர்களெல்லாம் மணப்பெண்ணைப் பார்க்கும் முன்பு, இஞ்சி வெளிக்கிருக்க வைத்த மண் தட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

மருதாணி போடும் நாளும் வந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரை போட்டு முடித்து, காய்வதற்காகக் கைகளை விரித்து நீட்டி உட்கார்ந்திருந்தேன். அப்போது இஞ்சி பெட்டியிலிருந்து இறங்கினான். நேராக மண் தட்டுக்கு நடந்தான். கிளறினான், சுற்றினான், இன்னும் கிளறினான். பிறகு முதுகை வளைத்து, காதைப் பின்னுக்கு மடக்கி, கண்ணைச் சுருக்கி உட்கார்ந்தான்.

"உம்மா! ஓடி வாங்க! உம்மா!"

உம்மா அகப்பையோடு ஓடிவந்தார். மருதாணி போட்டவர் வந்தார். பக்கத்து வீட்டு ராத்தாவும் வந்தார். எல்லோரும் தட்டைச் சுற்றிக் குந்தினோம். நான் கைகளை இறக்கை போல விரித்துக்கொண்டு குந்தினேன். யாரும் மூச்சு விடவில்லை. இஞ்சி எழுந்தான், முகர்ந்தான், மண்ணைத் தள்ளினான், திருப்தியாக நடந்து போனான்.

"மாஷா அல்லாஹ்!" என்று எல்லோரும் ஒன்றாகக் கூவினோம்.

அந்த நேரத்தில்தான் வாசலில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் சீர்த்தட்டுகளோடு வந்து நின்றார்கள். முன்னால் ரிஸ்மியின் உம்மா, என் வருங்கால மாமி, நல்ல பட்டுச் சேலையில். கூடத்தில் வரவேற்க யாரும் இல்லை. சத்தம் கேட்டு அறை வாசலுக்கு வந்தவர் கண்டது, பூனை மலத்தைச் சுற்றிக் குந்தியிருக்கும் பெண்களையும், அவர்கள் நடுவில் மணப்பெண்ணையும். உம்மாவின் முகம் இரத்தமில்லாமல் போனது. அகப்பையை எங்கே மறைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"அது... வந்து... பூனைக்கு..." என்றார் உம்மா.

மாமி தட்டைப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தார். சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எங்களோடு குந்தினார்.

"தள்ளுங்க, நானும் பாக்க. மகன் காலையிலயே செல்லி உட்டான். 'தட்டக் குடுக்க முந்தி பூனைட விசயத்தப் பாத்து எனக்குச் செல்லுங்க உம்மா' எண்டு." குனிந்து நன்றாகப் பார்த்தார். தன் கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து அழைத்தார். "மகன்? ஓ, கண்ணால பாத்துட்டன். கெட்டி. நல்ல கெட்டி. இரத்தமா? ஒண்டும் இல்ல."

அந்தப் பக்கத்திலிருந்து வந்த "அல்ஹம்துலில்லாஹ்!" அறையிலிருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. பெண்கள் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தார்கள். உம்மாவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ஷிஃபாட்ட குடுக்கச் செல்றான்" என்றார் மாமி.

என் கைகள் இரண்டும் ஈர மருதாணி. மாமி என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, ஃபோனை என் காதோடு வைத்துப் பிடித்தார். ரிஸ்மி பேசினார், நான் பேசினேன். எந்தப் பக்கம் உட்கார்ந்தான் என்பதிலிருந்து எப்படி மூடினான் என்பது வரை சொன்னேன். பிறகு வேறு எதையெதையோ பேசினோம். அவர் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. மாமிக்குக் கை வலித்திருக்க வேண்டும். ஒருமுறை இடது கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டார். ஃபோனை எடுக்கவில்லை.